ஆடிக் காற்றில் பறந்த தட்டு: கொங்கு நாட்டில் டிஸ்க் கோல்ஃப்

வெள்ளி: பல்லடம், கேத்தனூர்

பல்லடத்தைத் தாண்டித் தெற்கே போனால் ஆடி மாதத்தில் காற்றைப் பற்றிப் பேசாமல் ஒரு பேச்சும் முடியாது. டீக்கடையில் கிளாஸை வைக்கும்போதே "பாத்துங்க, சாஞ்சுக்கும்" என்கிறார்கள். மேற்கு மலைத் தொடரில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று விரிகிறது. மழையில் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு நம்மிடம் பெரும்பாலும் வெறுங்காற்றாகத்தான் வரும். இந்த வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றில் வீசிப் பார்க்கத்தான் ஒரு பை நிறையத் தட்டுகளோடு நானும் என் மாமன் மகனும் கிளம்பியிருக்கிறோம்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பிக் கூடை. கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். வீசிய தட்டு சங்கிலியில் மோதி, வேகம் இழந்து கூடைக்குள் விழ வேண்டும். முதல் வீச்சு எங்கே விழுகிறதோ அங்கிருந்து அடுத்த வீச்சு. கூடையிலிருந்து தள்ளி இருப்பவர் முதலில் வீசுவார். குறைந்த வீச்சில் முடித்தவருக்கு வெற்றி. தட்டு, கடற்கரையில் குழந்தைகள் வீசுகிற ஃபிரிஸ்பியை விடச் சிறியது, 21 செ.மீ. விட்டம், கெட்டியான பிளாஸ்டிக், எடை பெரும்பாலும் 165 முதல் 175 கிராம் வரை. தட்டிலும் வகை உண்டு: தூரம் போவதற்கு விளிம்பு கூர்மையான டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் விளிம்பு தடித்த பட்டர் (putter).

மாமன் மகனை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். பின்லாந்தில் தாம்பரே நகரில் படித்துவிட்டு வந்தவன். அங்கே நூற்றுக்கணக்கில் இதற்கான திடல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கட்டணம் கிடையாது. 2025ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியே தாம்பரே, நோக்கியா ஊர்களில்தான் நடந்தது. பனி கொட்டும் காலத்திலும் விளையாடுவார்களாம். ஊர் திரும்பும்போது பெட்டியில் தட்டுகளையும் ஒரு மடக்குக் கூடையையும் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

கேத்தனூர் பக்கம் தெரிந்தவரின் மேட்டாங்காடு ஒன்றில் கேட்டுக்கொண்டு இறங்கினோம். விதைப்பு இல்லை, சுற்றிலும் காற்றாலைகள். மாப்பிள்ளை மேற்கே பார்த்து, காற்றுக்கு நேராக, ஒரு டிரைவரை வீசினான். வலக்கைக்காரர் புறங்கையால் வீசும் தட்டு வழக்கமாகக் கடைசியில் இடப்பக்கம் சாயும். இது நேரே போய், பாதியில் வலப்பக்கம் புரண்டு, தரையில் உருண்டே ஓடியது. அதே தட்டைக் கிழக்கே, காற்று முதுகில் அடிக்க வீசியபோது எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே இடப்பக்கம் சாய்ந்து இறங்கிவிட்டது. காரணம் எளிது. தட்டுக்குத் தெரிவது தரையை அல்ல, தன்னைச் சுற்றி ஓடும் காற்றைத்தான். எதிர்க்காற்றில் அது வேகமாகப் பறப்பதாகவே ஆகிறது, அதனால் புரள்கிறது. பின்காற்றில் மெதுவாகப் பறப்பதாக ஆகிறது, அதனால் சீக்கிரம் சாய்கிறது. எதிர்க்காற்றுக்கு எளிதில் புரளாத முரட்டுத் தட்டை எடுத்து, முனை தூக்காமல், முழங்கால் உயரத்துக்கு வீச வேண்டும். முனை துளி தூக்கினாலும் காற்று அடியில் புகுந்து மேலே ஏற்றிவிடும்.

பத்து மணிக்கு மேல் காற்று நிற்க விடவில்லை. காட்டுக்காரர் வீட்டில் கொள்ளு ரசமும் சோறும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

சனி: காங்கேயம் பக்கம், ஒரு கொரங்காட்டில்

இன்றைக்கு நடந்ததை விரிவாகவே எழுதப் போகிறேன். இந்தப் பயணத்தில் என் மனசு இங்கேதான் நிற்கிறது.

கொரங்காடு என்பது காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலம். வானம் பார்த்த பூமி. உழவு கிடையாது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் வளர்ந்ததே இந்த நிலத்தில்தான். கிளுவைப் போத்தை நட்டால் அதுவே தழைத்து உயிர்வேலி ஆகிவிடும். கம்பியும் வேண்டாம், கல்லுக்காலும் வேண்டாம். வெள்வேலங்காயைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்திலும் புழுக்கையிலும் விதை விழுந்து மரம் தானாக முளைக்கிறது. மனிதர் செய்ய வேண்டியது, எத்தனை உருப்படியை எத்தனை நாள் விடுவது என்ற கணக்கை மீறாமல் இருப்பது மட்டும்தான். தலைமுறை தலைமுறையாக அந்தக் கணக்கைக் காப்பாற்றிய நிலம் இது. இப்போது அங்கங்கே மனையாகப் பிரிவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

படலைத் திறந்து உள்ளே போனதும் மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டான். "மச்சான், இத யாருங்க இப்படி வரைஞ்சு வெச்சாங்க?" என்றான். அவன் கண்ணில் பட்டதை நானும் பார்த்தேன். வெள்வேலம் குடை விரித்த மரம். கீழ்க்கிளைகளை மாடு எட்டும் உயரம் வரை மேய்ந்துவிடுவதால் அடியில் ஆள் உயரத்துக்கு வெட்டவெளி. மேலே குடை, கீழே வழி. டிஸ்க் கோல்ஃப் திடல் அமைப்பவர்கள் விரும்புவது இதைத்தான்: உயரமாக வீசினால் கிளை தடுக்கும், தாழ்வாக நேராக வீசினால் வழி விடும். மரங்கள் வரிசையில் இல்லாமல் இஷ்டத்துக்கு நிற்பதால் ஒவ்வொரு மரத்தையும் எந்தப் பக்கம் சுற்றுவது என்று யோசித்தாக வேண்டும். இடதுபுறம் சுற்றினால் மேற்குக் காற்று தட்டை நெஞ்சில் தள்ளும். வலதுபுறம் சுற்றினால் கிளுவை வேலி வாய் திறந்து காத்திருக்கும்.

நிலத்துக்காரரிடம் முதல் நாளே போனில் கேட்டிருந்தோம். ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஆத்தாவுக்கு மட்டும் விஷயம் தெரியாது. கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏஞ்சாமி, வட்டல எதுக்கு இப்படித் தூக்கி வீசறீங்க? ஆடு மெரளுமல்லோ."

"வெளையாட்டுங் ஆத்தா. ஆடெல்லாம் அக்கட்டால போனதுக்கு அப்புறம் வீசறமுங்க."

"செரி, செரி. வேலிக்குள்ள போச்சுன்னா கைய விட்டுறாதீங்க, முள்ளு. கொக்கி இருக்குது, தாரேன்."

அவர் சொன்னதுபோலவே நடந்தது. மாப்பிள்ளை வீசிய ஆரஞ்சுத் தட்டு கடைசி நேரத்தில் ஒரு காற்று தூக்கி வேலியின் உச்சியில் செருகிவிட்டது. ஆத்தா கொடுத்த தொரட்டியால் மெல்ல இழுத்தோம். தட்டின் அடிப்பக்கம் முழுக்கக் கிளுவை முள் கோடு போட்டிருந்தது. விளிம்பில் ஒரு முள் முறிந்து உள்ளேயே நின்றது. பிளாஸ்டிக்கில் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தேன். நகத்தால் பிடுங்க வரவில்லை. தட்டு அடிபட அடிபடப் பறக்கும் விதமும் மாறும். புதிதில் சாயும் தட்டு, விளிம்பு தேய்ந்த பிறகு நேராகப் போகும், இன்னும் தேய்ந்தால் வலப்பக்கம் புரளும். அதனால் பழைய தட்டுகளை யாரும் எறிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது, ஒரு வேலை. ஆரஞ்சுத் தட்டு இனி கொரங்காட்டுத் தட்டு என்று மாப்பிள்ளை அதன் அடியில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான்.

மடக்குக் கூடையை மூன்றாவது வெள்வேலத்துக்குப் பின்னால் வைத்தோம். கூடையிலிருந்து 10 மீட்டர் வட்டத்துக்குள் வந்துவிட்டால் ஒரு விதி உண்டு: வீசிய பிறகு உடலின் சமநிலையை அதே இடத்தில் நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் முன்னால் கால் வைக்கலாம். ஓடிக்கொண்டே போடக் கூடாது. அந்தக் காற்றில் நிலையாக நிற்பதே பெரும்பாடு. காற்று தணியும் ஒரு நொடிக்காகக் காத்திருந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை போட்டான். சங்கிலி கலகலத்தது. ஆத்தாவின் பேரன், பள்ளிக்கூடத்துப் பையன், தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். அவன் போட்ட முதல் தட்டே கூடையின் ஓரத்தில் பட்டுத் தெறித்தது. வெயில் ஏறும் வரை அவன் எங்களை விடவில்லை.

கூடையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் இந்த விளையாட்டுக்குக் கூடையே கிடையாது. மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி என்று கண்ணில் பட்டதைக் குறி வைத்துத்தான் விளையாடினார்கள். கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் முதல் நிரந்தரத் திடலை அமைத்த எட் ஹெட்ரிக் முதலில் கம்பங்களைத்தான் நட்டார். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று தீராத சச்சரவு. அதற்காகத்தான் சங்கிலியும் கூடையும் சேர்ந்த அமைப்பைச் செய்தார். 1977இல் காப்புரிமை கிடைத்தது. 2002இல் அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். இதைச் சொன்னபோது ஆத்தா ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம், "ஆசப்பட்டத வெச்சே அனுப்பீருக்காங்க, நல்லதுதான்" என்றார்.

ஞாயிறு: தாராபுரம்

விளையாடவில்லை. ஆடிப்பெருக்கு வாரம், அதுவும் ஞாயிறு. அமராவதிக் கரையில் தண்ணீர் இருந்த இடமெல்லாம் ஒறம்பரையோடு, அதாவது உறவுக்காரர்களோடு, வந்த குடும்பங்கள். புளிய மரங்களில் தூரி (ஊஞ்சல்) கட்டி, தாவணி போட்ட பெண்கள் நின்றுகொண்டே ஆடினார்கள். இங்கே தட்டை வீசுவது முறையில்லை. முன்னால் ஆள் நின்றால் வீசக் கூடாது என்பது இந்த விளையாட்டின் முதல் ஒழுக்கம். 175 கிராம் தட்டு, கூர்மையான விளிம்பு, வேகமாகப் போனால் நிச்சயம் காயப்படுத்தும். பையை வண்டியிலேயே வைத்துவிட்டு ஒப்புட்டு சாப்பிட்டோம். நானும் தூரி ஆடினேன்.

திங்கள்: உடுமலை, ஒரு சிறு பூங்கா

பயணத்தின் நோக்கமே இதுதான். கொரங்காடு அழகு, ஆனால் அது ஒருவரின் மேய்ச்சல் நிலம். ஊர்க்காரர்கள் தினமும் விளையாட வேண்டுமானால் அது பூங்காவில்தான் முடியும். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா, நம் காங்கேயத்தை விடச் சிறிய ஊர். அந்த ஊர்ப் பூங்காக்களில் டிஸ்க் கோல்ஃப் திடல் போட்டார்கள். இன்றைக்கு ஊருக்கே அதுதான் அடையாளம். 2016லும் 2022லும் உலகச் சாம்பியன் போட்டியே அந்த ஊரில் நடந்தது. பெரிய மைதானம் கட்டி நடத்தியதல்ல, இருக்கிற புல்லையும் மரத்தையும் வைத்து நடத்தியது.

நாங்கள் போனது நகரின் ஓரத்தில் ஒரு சிறு பூங்கா. நம் ஊர்ப் பூங்காக்களில் இருக்கும் எல்லாமும் இருந்தது: எட்டு வடிவ நடைபாதை, சிமெண்ட் மான், தண்ணீர் இல்லாத நீரூற்று, துருப்பிடித்த உடற்பயிற்சிக் கருவிகள், "கிரிக்கெட் விளையாட அனுமதி இல்லை" என்ற பலகை. பாதிக்கு மேல் இடம் யாரும் போகாத இடம். மேற்குச் சுவரை ஒட்டி வேம்பும் புங்கனும் தூங்குமூஞ்சியும் வளர்ந்து நிழல் கட்டியிருந்தன; அடியில் சருகும் பிளாஸ்டிக் டம்ளரும். காவலாளி அண்ணனிடம் தட்டைக் கையில் கொடுத்து விளக்கினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி ஒடையாதுங்களே? அப்ப ஆளுக வரதுக்குள்ள வீசிக்கங்க" என்றார்.

காலை ஆறு மணிக்கு நடப்பவர்கள் ஐந்தாறு பேர்தான். திடலைச் சுற்றி நடந்து, எட்டு வைத்து அளந்து, ஒன்பது குறிகள் முடிவு செய்தோம். ஒரு குறி மடக்குக் கூடை, மீதி எட்டும் மரங்கள். நெஞ்சு உயரத்தில் நீலத் துணி கட்டினோம். மஞ்சள் துணி கட்டினால் நேர்த்திக்கடன் என்று நினைத்து யாராவது குங்குமம் வைத்துவிடுவார்கள் என்று காவலாளி அண்ணன்தான் யோசனை சொன்னார். துணிக்குக் கீழே அடிமரத்தில் தட்டு பட்டால் முடிந்தது.

நான்காவது குறியை மறக்க முடியாது. தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் நாற்பது மீட்டர் குகை. அதைக் கடந்தால் சுவருக்கு மேலே பாய்ந்து வரும் காற்று நேராக மோதும். குகைக்குள் காற்று துளியும் இல்லை, வெளியே வந்த நொடியில் தட்டு அப்படியே எழும்புகிறது. மிட்ரேஞ்ச் தட்டை எடுத்து, வெளிவரும் இடத்தில் அது வேகம் இழந்திருக்கும்படி மெதுவாக வீச வேண்டும். அதிக தூரம் வீசத் தெரிந்தவனுக்கு இங்கே ஒரு லாபமும் இல்லை. ஆறாவது குறி இரண்டு வேம்புகளுக்கு நடுவே. காற்று குறுக்கே அடிப்பதால் இடது வேம்பைப் பார்த்து வீசினால்தான் வலது வேம்பைத் தொடுகிறது.

நடைப்பயிற்சிக்கு வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு சுற்று நடந்துவிட்டு எங்களிடம் வந்தார். "தம்பி, நல்லாருக்குது. ஆனா நடக்கறவிங்க மண்டைல பட்டா?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இப்படி விளக்கினேன்: எந்த வீச்சும் நடைபாதையைக் குறுக்கே கடக்கக் கூடாது. வீசும் இடம் நடைபாதைப் பக்கம், குறி சுவர்ப் பக்கம். அப்போது தட்டு மக்களை விட்டு விலகித்தான் பறக்கும். ஆடி மாதக் காற்று மேற்கிலிருந்து வருவதால் உயர வீசினால் திரும்பி வந்துவிடும், ஆகவே அந்தப் பக்கத்துக் குறிகள் எல்லாம் மரக்கூரையின் அடியில் இருக்க வேண்டும். சறுக்குமரமும் ஊஞ்சலும் இருக்கிற கிழக்குப் பக்கத்தைத் தொடவே கூடாது. அவர் நாங்கள் கட்டிய எட்டாவது துணியைக் காட்டி, "அப்படின்னா அது பாதைக்குப் பக்கம் இருக்குதல்லங்க?" என்றார். ஆமாம். அவிழ்த்து உள்ளே தள்ளிக் கட்டினோம். அதன் பிறகு அவரும் ஒரு தட்டைக் கேட்டு வாங்கினார். வேட்டியில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வீசினார்.

பள்ளி கிளம்பும் நேரத்தில் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். சீருடையும் ரெட்டைச் சடையுமாக ஒரு பெண், பத்து வயசு இருக்கும், முன்கையால் சுண்டி வீசினாள். மணிக்கட்டு மட்டும் வேலை செய்கிறது, தோள் அசையவே இல்லை. பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் வராத விஷயம் அது. "சில்லு வெளையாடறப்ப இப்படித்தானுங்க போடுவோம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஒரு மரத்தையும் வெட்டவில்லை, ஒரு அடி சிமெண்டும் கொட்டவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த அந்த மேற்கு ஓரத்தில் ஒரே காலையில் ஆசிரியரும் பள்ளிப் பிள்ளைகளும் காவலாளியும் சேர்ந்து நின்றார்கள். நம் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் பூங்காவுக்கு என்று கருவி வாங்கும்போது இதையும் யோசிக்க வேண்டும் என்பதை மனசாரச் சொல்கிறேன். புல் வளர்க்கத் தண்ணீர் வேண்டாம். மரம் நிற்க வேண்டும், அது போதும்.

செவ்வாய்: ஆழியாறு, பொள்ளாச்சி

காலையில் ஆழியாறு அணைப் பூங்காவுக்கு ஒரு நடை. மலை அடிவாரம் என்பதால் காற்று ஒரே திசையில் வருவதில்லை. இறங்கி, சுழன்று, சற்று நின்று மறுபடி அடிக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் எட்டு மணிக்கே வந்துவிட்டன. தட்டை எடுக்கவில்லை. வழியில் தென்னந்தோப்பில் தெளுவு (பதநீர்) குடித்தோம்.

பிற்பகல் பொள்ளாச்சியில் தெரிந்தவரின் கிரில் பட்டறை. மடக்குக் கூடையை விரித்து நடுவில் வைத்தோம். பட்டறைக்காரர் சுற்றி வந்து பார்த்தார், சங்கிலியை இழுத்தார், தட்டை வாங்கி இரண்டடி தூரத்திலிருந்து போட்டுப் பார்த்தார். அப்புறம் சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே வரைய ஆரம்பித்தார். நடுவில் ஜி.ஐ. பைப். கூடையின் விளிம்பு தரையிலிருந்து 80 செ.மீ. சொச்சம். வெளிவட்டத்தில் பன்னிரண்டு சங்கிலி, உள்வட்டத்தில் ஆறு. "சங்கிலிய இறுக்கிக் கட்டீறலாமுங்களா, ஆடாம இருக்கும்?" என்றார். தளர்வாகத்தான் இருக்க வேண்டும் என்றான் மாப்பிள்ளை. இறுக்கினால் தட்டு தெறித்து வெளியே வந்துவிடும், தளர்வாக இருந்தால்தான் வேகத்தை வாங்கிக்கொண்டு கீழே விடும். பட்டறைக்காரர் தலையாட்டி, "அப்ப தூரிச் சங்கிலியே போதுமுங்க, வெயிட்டும் சரியா இருக்கும்" என்று உள்ளே போய் ஒரு முழம் எடுத்து வந்தார்.

அடிப்பகுதிக்கு ஒரு யோசனை அவரே சொன்னார். பைப்பை நேராக மண்ணில் புதைக்காமல், அதைவிட ஒரு சுற்றுப் பெரிய பைப் துண்டைக் காங்கிரீட்டில் பதித்து, கூடையை அதில் இறக்கிப் பூட்டுப் போட்டுவிடலாம். ஒரே இடத்தில் மிதித்துப் புல் செத்துப்போனால் கூடையை அடுத்த குழிக்கு மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டுத் திடல்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னபோது அவருக்கு முகம் மலர்ந்தது.

முதலில் ஒரே ஒரு கூடை. உடுமலைப் பூங்காவில் நான்காவது குறிக்கு. நகராட்சிக்கு எழுத வேண்டிய மனுவை ஆசிரியர் ஐயாவே எழுதித் தருவதாகப் போனில் சொல்லியிருக்கிறார். பட்டறையில் முன்பணம் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வளையம் வளைத்து வைக்கிறேன், பெயிண்ட் என்ன கலர் என்று சொல்லிவிடுங்கள் என்றார். தூரத்திலிருந்து மரநிழலிலும் தெரிய வேண்டும், மஞ்சள் அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.